பதினொன்றும் பன்னிரண்டும்

ஜூன் 3, செவ்வாய்

மேஜைமேல் பன்னிரண்டு சின்ன டப்பிகளை வரிசையாக வைத்துவிட்டுப் போனார்கள். ஒவ்வொன்றிலும் முகத்துக்குப் போடும் காம்பாக்ட் பவுடர். மூடியில் எண் மட்டும் ஒட்டியிருக்கிறது. வெளுப்பில் தொடங்கிக் கறுப்பில் முடியும் இந்த வரிசைக்குத் தமிழில் பெயர் வைக்க வேண்டும், ஒவ்வொன்றையும் வாங்க வருபவளுக்கு இரண்டு வரியில் விளக்க வேண்டும். இதுதான் என் வேலை என்று அம்மாவிடம் சொன்னேன். "அதுக்கு ஒரு ஆளா, தையலு?" என்றாள். எம்.ஏ. தமிழ் முடித்த மகள் கோயம்புத்தூர் வரை போய்ப் பவுடருக்குப் பெயர் வைப்பதை மாயவரத்தில் யாரிடமும் சொல்ல முடியாது அவளுக்கு.

ஹாஸ்டல் அறைக்கு வந்தபோது புஷ்பம் கண்ணாடி முன் நின்று சீப்பை மைக்காகப் பிடித்துக்கொண்டு செய்தி வாசித்துக்கொண்டிருந்தாள். மரிய புஷ்பம், தூத்துக்குடிக்காரி. பெரிய ஜவுளிக்கடை ஒன்றில் அறிவிப்பாளர். "வாடிக்கையாளர்களின் கனிவான கவனத்திற்கு, நீலச் சட்டை அணிந்த குழந்தை தரைத்தளத்தில் பெற்றோருக்காகக் காத்திருக்கிறது" என்று அவள் சொன்னால், அழுகிற குழந்தையே அழுகையை நிறுத்திவிட்டுக் கேட்குமாம். அவள் ஆசை அதுவல்ல. உள்ளூர்ச் சேனலில் செய்தி வாசிக்க வேண்டும், முகம் தெரிய. இரண்டு முறை போய்விட்டு வந்தாள். இரண்டு முறையும் அவர்களுடைய மேக்கப்காரர் கையில் இருந்த மாவை எல்லாம் பூசிவிட்டார்.

"லைட்ட போட்டவொடனே சாம்பல்ல புரண்ட கழுத மாதிரி இருந்தேம்ட்டி" என்றாள். சிரித்தாள். நானும் சிரித்தேன்.

மூன்றாவது முறை கூப்பிட்டிருக்கிறார்கள். இந்த மாதம் இருபத்தெட்டு.

ஜூன் 6, வெள்ளி

ஒன்று தும்பை. நான்கு தாழை. நான் நான்காம் எண்ணுக்குள் வருவேன் என்பதைக் கண்ணாடி பார்த்து உறுதிசெய்துகொண்டேன். ஆறு ஆவாரம்.

கறுப்புப் பக்கம் போகப் போக என் பட்டியல் கருப்பட்டி, காப்பி, புளி என்று ஆகிவிட்டது. வெளுத்தவை எல்லாம் பூக்கள், கறுத்தவை எல்லாம் தின்பண்டம். ஒருத்தியைப் பார்க்கச் சொல்கிறேன், இன்னொருத்தியைத் தின்னச் சொல்கிறேன். எல்லாவற்றையும் அடித்துவிட்டு மறுபடி உட்கார்ந்தேன். பதினொன்றுக்குத் தேக்கு. பன்னிரண்டுக்கு மாமை.

ரங்கமணி மேடம் கண்ணாடியை இறக்கிப் பார்த்தார். கம்பெனி அவருடையது. வீட்டுக் கொல்லையில் கண்மை காய்ச்சி விற்கத் தொடங்கி இன்று முப்பது பேருக்குச் சம்பளம் கொடுக்கிறார்.

"இதென்ன கண்ணு மாமை? மாமியாருன்னு நெனச்சுக்கப் போறாங்க."

மாந்தளிர் போல மினுங்கும் கறுப்புக்குச் சங்க காலத்திலேயே இருந்த பெயர் என்றேன். அந்த நிறத்தைக் குறை என்று நினைக்காமல் அழகு என்று நினைத்த காலத்துச் சொல் என்றேன். கொஞ்சம் உரக்கவே சொல்லிவிட்டேன் போலிருக்கிறது. அவர் கண்ணாடியை மறுபடி ஏற்றிக்கொண்டு, "செரி, வெய்யி. கேக்கறதுக்கு நல்லாத்தான் இருக்குது" என்றார்.

ஜூன் 9, திங்கள்

மாமைக்கு விளக்கம் எழுதினேன். பன்னிரண்டாம் டப்பியை வெள்ளிக்கிழமையே அறைக்கு எடுத்து வந்து, நேற்றுப் புஷ்பம் தூங்கிக்கொண்டிருக்கையில் அவள் கன்னத்தருகே பிடித்துப் பார்த்தேன். எது முகம், எது பவுடர் என்று தெரியாத அளவுக்கு ஒத்துப்போனது. இன்று காலை டப்பியை மேடத்தின் மேஜையில் திருப்பி வைத்துவிட்டேன்.

எழுதியது: "மழையில் நனைந்த மாந்தளிரின் ஆழ்ந்த நிறம். உங்கள் முகத்தை மாற்றாது, உங்கள் முகமாகவே இருக்கும். விளக்கொளியிலும் சாம்பல் பூக்காது."

கடைசி வாக்கியம் புஷ்பத்தினுடையது. அவளிடம் சொல்லவில்லை. சொன்னால் சந்தோஷப்படுவாள், ஆனால் தூங்கும்போது பார்த்ததையும் சொல்ல வேண்டியிருக்கும்.

நான் எழுதியதிலேயே நல்ல வாக்கியம் அதுதான்.

ஜூன் 12, வியாழன்

பன்னிரண்டாம் கலவை மட்டும் இன்னும் மெஷினில் ஏறவில்லையாம். மற்றதெல்லாம் பெட்டிக்குள் போய்விட்டது.

ஜூன் 16, திங்கள்

மேடம் கூப்பிட்டுப் பேசினார். சரி என்று சொல்லிவிட்டு வந்தேன்.

அட்டை அச்சுக்குப் போகுமுன் தேக்கின் விளக்கத்தைக் கொஞ்சம் மாற்றச் சொன்னார். மாமையின் விளக்கத்தோடு எங்கும் ஒட்டக்கூடாதாம். தேக்கில் 'பொன்' என்று ஒரு சொல்லைச் சேர்த்தேன், 'ஆழ்ந்த' என்பதை எடுத்தேன். இப்போது இரண்டும் படிக்க வேறு வேறாக இருக்கின்றன.

ஹாஸ்டலில் அவியல். உப்பில்லை. இரண்டு சுடிதார் துவைத்தேன். காதுக்குள் எறும்பு போனதுபோல ஒரு குறுகுறுப்பு நாளெல்லாம்.

ஜூன் 19, வியாழன்

புஷ்பம் இன்று கடையிலிருந்து நேராக அறைக்கு ஓடிவந்தாள். அவர்கள் கடையின் அழகுசாதனப் பிரிவில் எங்கள் பன்னிரண்டு நிற அட்டை வந்துவிட்டதாம். கையில் புத்தம் புதுக் காம்பாக்ட். அட்டையையும் சேர்த்து வாங்கி வந்திருந்தாள்.

"ஏட்டி தையலு, எல்லா கம்பெனியும் பத்தோட நின்னுருவானுவ. நீங்க பன்னெண்டு வரைக்கும் வந்துட்டிய! இங்க பாரு... மாமை. இது நான்தான?"

என்னிடம் கேட்டால் நான் ஒன்று தந்திருப்பேனே என்றேன்.

"ஓசியில வாங்குனா மூஞ்சில நிக்காது" என்றாள். பிறகு அட்டையைத் திருப்பி என் வாக்கியத்தை நிறுத்தி நிறுத்தி வாசித்தாள். "விளக்கொளியிலும் சாம்பல் பூக்காது." வாசித்துவிட்டு நிமிர்ந்தாள். "இத நான் சொன்னம்லா?"

"ஆமா."

"கள்ளி!" என்று என் தலையில் தட்டினாள். அவ்வளவு சந்தோஷம் அவள் முகத்தில்.

சேனலில் அவர்களே மேக்கப் போடுவார்களே, இது எதற்கு என்று கேட்டுப் பார்த்தேன். சொந்தமாக நிறம் கொண்டு வந்தால் அதையே போடுவதாக ஒப்புக்கொண்டார்களாம். கெஞ்சி வாங்கிய அனுமதியாம்.

ஜூன் 20, வெள்ளி

எழுதிவிடலாம். இதை என்னைத் தவிர யாரும் படிக்கப் போவதில்லை.

பன்னிரண்டாம் பெட்டியில் இருப்பது பதினொன்று.

பன்னிரண்டின் கலவைக்கு ஒரே தடவையில் நிறையப் போட்டு அரைத்தால்தான் கட்டுப்படியாகுமாம். கறுப்பு நிறம் கடைகளில் நகராது, அரைத்தது தேங்கிவிடும் என்று கணக்குப் போட்டிருக்கிறார்கள். ஆனால் பன்னிரண்டு நிறம் என்று ஊரெல்லாம் சொல்லி ஆர்டர் வாங்கியாகிவிட்டது. அதனால் தேக்குக் கலவையையே இரண்டு பெட்டியிலும் அடைத்துவிட்டார்கள். மேடம் இதை என்னிடம் ஒளிக்கவே இல்லை. பதினாறாம் தேதி எதிரே உட்காரவைத்து, தட்டில் முறுக்கு வைத்து, நிதானமாகச் சொன்னார்.

"ஒரு நெறத்துக்கும் அடுத்த நெறத்துக்கும் வித்தியாசம் யாருக்குத் தெரியுது கண்ணு? பேரு வேற, எழுத்து வேற. வாங்கறவங்க அதத்தான் வாங்கறாங்க. அது உம்பட வேல, நல்லா செஞ்சிருக்கற."

பாராட்டைக் கேட்டு நான் முறுக்கை எடுத்துக் கடித்தேன். இது நினைவிருக்கிறது.

பொய் என்று ஒரு சொல்கூட நான் எழுதவில்லை என்று இரண்டு நாள் வாதாடிப் பார்த்தேன். நான் எழுதியது உண்மையான பன்னிரண்டைப் பார்த்து. அந்தச் சாம்பிள் டப்பி இன்னும் மேடத்தின் மேஜையில் பேனாக் குவளைக்குப் பக்கத்தில் இருக்கிறது. ஒரு முகத்துக்கு, ஒரு முறைக்குத் தாராளமாகப் போதும்.

திங்கட்கிழமை எடுத்துக்கொள்ளலாம்.

ஜூன் 23, திங்கள்

மேடம் நாள் முழுக்க அறையிலேயே இருந்தார்.

ஜூன் 24, செவ்வாய்

மேடம் மதியம் வெளியே போயிருந்தார். அறை திறந்திருந்தது. வாசல் வரை போனேன். எடுத்தால் ஏன் என்று கேட்பார், ஏன் என்று சொன்னால் வெளியே சொல்லிவிட்டேனோ என்று நினைப்பார், அடுத்த வாரம் என் வேலையை நிரந்தரமாக்கும் கடிதம் வரவேண்டும். தண்ணீர் குடித்துவிட்டுத் திரும்பி வந்தேன்.

சாயங்காலம் புஷ்பம் பவுடரைப் போட்டு ஒத்திகை பார்த்தாள். ஹாஸ்டல் டியூப்லைட்டில் யார் முகமும் யார் முகம் போலவும் இருக்காது.

"எப்படிட்டி இருக்கு? உள்ளதச் சொல்லு."

"நல்லாயிருக்கு" என்றேன்.

ஜூன் 28, சனி

என்னையும் கூட்டிக்கொண்டு போனாள். துணைக்கு யாராவது இருந்தால் தொண்டை அடைக்காதாம். சேனல் அலுவலகம் ஒரு மாடிக் கட்டடத்தின் மேல்தளம். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் ஒரு சின்னத் திரை முன் என்னை உட்காரவைத்தார்கள். பக்கத்தில் தயாரிப்பாளர், கையில் டீ.

புஷ்பம் உள்ளே போய் நாற்காலியில் உட்கார்ந்தாள். முதுகு நேராக. அரக்கு நிறப் புடவை, அவள் அம்மா அனுப்பியது. விளக்குகளைப் போட்டார்கள்.

திரையில் அவள் கழுத்து ஒரு நிறமாகவும் முகம் வேறொரு நிறமாகவும் இருந்தது. கன்னத்திலும் நெற்றியிலும் வெளிறிய சாம்பல் படலம். மாமையின்மேல் பசலை படர்வதைக் கல்லூரியில் எத்தனை முறை படித்திருப்பேன். பிரிவால் வரும் வெளிறல் அது. இது பெட்டியிலிருந்து வந்தது. பெட்டிமேல் இருப்பது என் எழுத்து.

அவள் வாசித்தாள். மேட்டுப்பாளையம் சாலை விபத்து, பவானியில் நீர்வரத்து, பள்ளி ஆண்டுவிழா. ஒரு எழுத்து தடுக்கவில்லை. டீ குடித்துக்கொண்டிருந்தவர் குடிப்பதை நிறுத்திவிட்டுக் கேட்டார். பிறகு திரையைப் பார்த்தார்.

"கொரலு அருமைங்க. மூஞ்சிதான்... என்ன போட்டாலும் எடுக்க மாட்டேங்குது" என்றார் என்னிடம், அவள் என் தங்கை என்பதுபோல மெதுவாக.

பவுடரைத் துடைத்துவிட்டு எடுத்துப் பாருங்கள் என்று ஒரே ஒரு வரி சொல்லியிருக்கலாம். அவள் நாற்காலியில்தான் இருந்தாள், விளக்குகள் எரிந்துகொண்டுதான் இருந்தன. நான் என் கைப்பையின் ஜிப்பைத் திறந்து மூடிக்கொண்டிருந்தேன்.

பேருந்தில் ஜன்னலோரம் உட்கார்ந்து கைக்குட்டையால் முகத்தை அழுத்தித் துடைத்தாள். காந்திபுரத்தில் கைக்குட்டையை மடித்து வைத்தாள். பிறகு சொன்னாள்.

"உன் பவுடரக் குத்தஞ்சொல்ல முடியாதுட்டி. பன்னெண்டே ஒத்துக்கலன்னா, பதிமூணா கேக்க முடியும்?"

ஜூன் 29, ஞாயிறு

புஷ்பம் சர்ச்சுக்குப் பூசைக்குக் கிளம்பினாள், "வாரியா?" என்றாள். தலைவலி என்றேன். தலைவலி இல்லை.

ஜூலை 2, புதன்

சேனலிலிருந்து அவளைக் கூப்பிட்டுவிட்டார்கள். விளம்பரங்களுக்கும் செய்தித் துணுக்குகளுக்கும் பின்னணிக் குரல் கொடுக்க. ஜவுளிக்கடையை விடாமலே செய்யலாமாம்.

"மூஞ்சி வேண்டாமாம். தொண்ட மட்டும் போதுமாம்" என்று சொல்லிவிட்டுக் குழம்பை ஊற்றிக்கொண்டாள். சந்தோஷமா வருத்தமா என்று தெரியவில்லை. கண்ணாடி முன் சீப்பைப் பிடித்து நிற்பதை நிறுத்திவிட்டாள். இப்போதெல்லாம் கட்டிலில் படுத்தபடி, கூரையைப் பார்த்து வாசிக்கிறாள்.

ஜூலை 4, வெள்ளி

என் வேலை நிரந்தரமானது. மேடம் மைசூர்பாகு கொடுத்தார். உள்ளூர்ச் சேனலில் விளம்பரம் போடப் போகிறார்களாம், அதற்கும் நானே எழுதினேன். "பன்னிரண்டு முகங்கள், பன்னிரண்டு நிறங்கள்" என்று தொடங்கி மாமையில் முடிகிறது. மேடத்துக்கு அந்தச் சாம்பல் வாக்கியம் கட்டாயம் வேண்டுமாம். மைசூர்பாகைப் புஷ்பத்துக்குக் கொண்டு வந்தேன். பாதி எனக்கு என்று பிட்டுக் கொடுத்தாள்.

ஜூலை 7, திங்கள்

நடக்கக்கூடாது என்று நான் நினைத்துப் பார்க்கவும் தவறிய ஒன்று நடந்துவிட்டது.

புஷ்பத்துக்குக் கிடைத்த முதல் குரல் வேலை எங்கள் விளம்பரம். தாளை விசிறி போல ஆட்டிக்கொண்டு வந்தாள்.

"உன் எழுத்தாமே! சொல்லவே இல்லியே. நாளன்னைக்கி ரெக்கார்டிங். மூஞ்சிக்கு ஒட்டலன்னாலும் வாய்க்கு ஒட்டுதான்னு பாப்போம்."

கட்டிலில் படுத்துக்கொண்டு வாசித்தாள். அவள் குரலில் அந்த வாக்கியம் நான் எழுதியதைவிட உண்மையாக இருந்தது. அவள் சொன்னால் ஊர் நம்பும். நீலச் சட்டைக் குழந்தையின் அம்மா நம்பி ஓடிவருவதுபோல வருவார்கள், பெட்டியைக் கையில் எடுப்பார்கள்.

ஜூலை 8, செவ்வாய்

காலையில் மேடத்திடம் போய், "அந்தப் பன்னெண்டாம் நம்பர் டப்பிய நான் எடுத்துக்கட்டுமா மேடம்?" என்று கேட்டேன்.

கணினியிலிருந்து கண்ணை எடுக்காமல், "எடுத்துக்க கண்ணு, சும்மாதான கெடக்குது" என்றார்.

அவ்வளவுதான். ஏன் என்றுகூடக் கேட்கவில்லை. டப்பியைக் கையில் வைத்துக்கொண்டு படிக்கட்டில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன்.

சாயங்காலம் புஷ்பம் வந்ததும் கையை நீட்டச் சொன்னேன். ஜன்னல் வெளிச்சத்தில் அவள் முன்கையில் மூன்று கோடு இழுத்தேன். நான் கடையில் வாங்கி வந்த பதினொன்று. அவள் வாங்கிய பன்னிரண்டு. கடைசியாக டப்பியிலிருந்து. முதலிரண்டும் ஒரே சாம்பல் பட்டையாக நின்றன. மூன்றாவதை எங்கே இழுத்தேன் என்று எனக்கே தெரியவில்லை, தோலுக்குள் போய்விட்டது.

புஷ்பம் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். மேக்கப் தெரியாதவள் இல்லை அவள். நான் விளக்கம் சொல்லத் தொடங்குவதற்குள் முடித்துவிட்டாள்.

"ரெண்டும் ஒண்ணா."

"ஆமா."

"உனக்கு எப்பத் தெரியும்?"

"நீ வாங்குறதுக்கு முன்னாடியே."

அவள் தலையை ஆட்டினாள், யாரோ வழி சொல்வதைக் கேட்டுக்கொள்வதுபோல. "அன்னைக்கி இந்தக் கண்ணாடி முன்னால நின்னு உள்ளதச் சொல்லுன்னு கேட்டம்லா."

நான் டப்பியை மூடினேன்.

"டெஸ்ட் முடிஞ்ச அன்னைக்கி எங்கம்மாட்ட போன்ல என்ன சொன்னேன் தெரியுமாட்டி? எனக்குன்னே செஞ்சதும் எனக்கு ஒட்டலம்மான்னு சொன்னேன். எங்கம்மா அழுதுட்டா."

அதற்குப் பிறகு அவள் கையைக் கழுவவில்லை. அப்படியே கட்டிலில் உட்கார்ந்து விளம்பரத் தாளை எடுத்தாள். என்னிடம் நீட்டினாள்.

"பதினொண்ணுன்னு மாத்தி எழுதித் தா. கடைசி வரிய எடுத்துரு, அது எனக்குள்ளது. நாளைக்கி அதப் படிக்கேன். இல்லன்னா படிக்க மாட்டேன்."

ஜூலை 9, புதன்

மாற்றி எழுதிய தாளை மேடத்தின் முன் வைத்தேன். படித்தார். இந்த முறை கண்ணாடியைக் கழற்றிவிட்டார்.

"ஆருகிட்டச் சொன்ன?"

"என் ரூம்மேட்கிட்ட."

"ரெண்டு எழுத்த மாத்தீட்டு, கடைக்குப் போன பெட்டிக்கெல்லாம் நீ பதில் சொல்லுவியா கண்ணு?" கோபமே இல்லாமல் கேட்டார். தாளை மடித்து என்னிடமே தந்துவிட்டு, சேனலுக்குப் போன் போட்டுப் பழையதையே பதிவுசெய்யச் சொன்னார். "போ, போயி வேலயப் பாரு. லிப்ஸ்டிக் வந்திருக்குது, பேரு வெக்கோணும்."

நான் புஷ்பத்துக்குப் போன் செய்தேன். ஸ்டுடியோவில் காத்திருந்தாள். மாறவில்லை என்றேன். "செரி, வையி" என்றாள்.

முடியாது என்று சொல்லிவிட்டு வந்துவிட்டாள். இனிமேல் கூப்பிட மாட்டார்களாம். முதல் வேலையிலேயே முறைத்துக்கொண்ட பெண் என்று பெயர்.

நான் வேலைக்குப் போய்க்கொண்டுதான் இருக்கிறேன். லிப்ஸ்டிக் எட்டு நிறம்.

ஜூலை 11, வெள்ளி

டப்பி ஜன்னல் விளிம்பில், இரண்டு கட்டிலுக்கும் நடுவில் இருக்கிறது. அவளுக்கென்று வைத்தேன். அவள் தொடவில்லை. தூசி தட்டும்போது சுற்றித் தட்டுகிறாள்.

என்னோடு பேசுகிறாள். தண்ணி வந்துட்டு, உன் துணி காஞ்சிட்டு, எடுத்துக்கோ. ஏட்டி என்று கூப்பிடுவது மட்டும் நின்றுவிட்டது.

ஜூலை 13, ஞாயிறு

மதியம் மெஸ்ஸில் கூட்டம். ஞாயிறு என்பதால் எல்லோரும் இருந்தார்கள். டிவியில் விளம்பரம் வந்தது. வேறு யாரோ ஒரு பெண்ணின் கொஞ்சும் குரல். பன்னிரண்டு முகங்கள், பன்னிரண்டு நிறங்கள். எதிர் வரிசையில் புஷ்பம் குனிந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். "விளக்கொளியிலும் சாம்பல் பூக்காது" என்று அந்தக் குரல் முடித்தது.

புஷ்பம் சோற்றுக் கையை அப்படியே வைத்துக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தாள். முதுகு நேராக, அன்று அந்த நாற்காலியில் உட்கார்ந்ததுபோல.

"வாடிக்கையாளர்களின் கனிவான கவனத்திற்கு" என்றாள். மைக் இல்லாமலே அந்தக் குரல் சமையல்கட்டு வரை போனது. "பதினொன்றும் பன்னிரண்டும் ஒன்றே. பெட்டி மட்டுமே வேறு. நன்றி."

மெஸ்ஸே சிரித்தது. என்ன நகைச்சுவை என்று யாருக்கும் புரியவில்லை, அவள் சொன்ன தோரணைக்குச் சிரித்தார்கள். கோமளா என்று நர்ஸிங் படிக்கும் பெண் ஒருத்தி இருக்கிறாள், புஷ்பத்தின் நிறம். அவள் மட்டும் சிரிக்கவில்லை.

"அக்கா, நெசமாவா? நான் போன வாரந்தான் பன்னெண்டு வாங்குனேன். மூஞ்சி ஒரு மாதிரி வெளிறுது. எனக்குத்தான் போடத் தெரியலன்னு நெனச்சுட்டிருக்கேன்."

"என்னட்ட கேக்காத" என்றாள் புஷ்பம், மோர்ப் பாத்திரத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு. "எழுதுனவ அந்தா இருக்கா. அவகிட்டக் கேளு."

கோமளா என் பக்கம் திரும்பினாள். அவளோடு அந்த மேஜை முழுவதும் திரும்பியது. எங்கள் கம்பெனியில் பெட்டி அடைக்கும் பெண்கள் இரண்டு பேர் இதே ஹாஸ்டல்தான், அவர்களும் அங்கே சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். இங்கே சொன்னால் நாளைக் காலை மேடத்துக்குத் தெரிந்துவிடும்.

புஷ்பம் என்னைப் பார்க்கவில்லை. மோரை ஊற்றிக்கொண்டிருந்தாள். ஆனால் ஊற்றுவதை மெதுவாகச் செய்தாள், காது இந்தப் பக்கம் இருந்தது.

"உனக்குப் போடத் தெரியாம இல்ல, கோமளா" என்று தொடங்கினேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. யாரோ டிவியின் சத்தத்தைக் குறைத்தார்கள். மறுபடி முதலிலிருந்து சொன்னேன்.